துல்சா ஆயுதக் கண்காட்சிக்கு முதல்முறை போகிறவருக்கு

கேள்வி இதுதான்: டல்லஸில் ஐ.டி. வேலை, எச்-1பி விசா. பள்ளிக்கூட நாளிலிருந்தே பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள் மேல் ஆசை. நவம்பரில் ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சாவில் நடக்கும் ஆயுதக் கண்காட்சிக்குப் போகலாமா? அங்கே என்ன பார்ப்பது? ஒன்று வாங்கினால் விசாவுக்குச் சிக்கல் வருமா? போலியில் மாட்டாமல் இருப்பது எப்படி? பின்னால் ஊருக்கு எடுத்துப் போக முடியுமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் தடவை படிக்கப் போங்கள், வாங்குவது அப்புறம். ராணுவக் கைத்துப்பாக்கி என்பது உடம்பெல்லாம் எழுத்து உள்ள பொருள். யார் செய்தது, எந்த வருஷம், எந்த அதிகாரி சோதித்து ஏற்றுக்கொண்டார், எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, பிற்காலத்தில் யார் அதில் கைவைத்தார்கள் என்பதெல்லாம் இரும்பிலும் மரத்திலும் பதிந்து கிடக்கிறது. அதைப் படிக்கத் தெரியாவிட்டால் விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதுதான்.

முதலில் சட்டம், ஏனென்றால் உங்கள் நிலைமையில் அதுதான் முக்கியம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898லோ அதற்கு முன்போ தயாரானது ‘ஆன்டிக்’. மத்தியச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வராது. டெக்சஸ் சட்டமும் 1899க்கு முன் தயாரானவற்றைத் தன் வரையறையிலிருந்து விலக்கித்தான் வைத்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு வழி இருக்கிறது, அது 1898 முடியத் தயாரானவற்றுக்கு மட்டும். கவனியுங்கள், மாடலின் பெயரில் உள்ள வருஷம் கணக்கில்லை, அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி தயாரான வருஷம்தான் கணக்கு. ரஷ்ய நாகான் ரிவால்வருக்கு ‘1895 மாடல்’ என்று பெயர், ஆனால் மேசைகளில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை சோவியத் காலத்தில் தயாரானவை. அவை ஆன்டிக் ஆகாது.

இந்த விசாவில் இருக்கும்வரை 1898க்குப் பிந்தைய துப்பாக்கிகளைக் கண்ணால் பாருங்கள், கையில் எடுக்காதீர்கள். அழகுக்காகக்கூடப் பழைய தோட்டா வாங்க வேண்டாம். பணம் கொடுக்கும் முன் குடியேற்றச் சட்டம், ஆயுதச் சட்டம் இரண்டும் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் அந்த மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும், எல்லா மாநிலமும் ஆன்டிக் விஷயத்தில் டெக்சஸ் போல இல்லை.

சரி, இடத்துக்கு வருவோம். டல்லஸிலிருந்து 75ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கண்காட்சி நடக்கும் எக்ஸ்போ ஸ்கொயர் வளாகத்தை அடையாளம் காண்பது கஷ்டமில்லை, வாசலில் எண்ணெய்த் தொழிலாளி ஒருவரின் பொன்னிறச் சிலை 75 அடி உயரத்தில் நிற்கிறது. வானன்மாக்கர் குடும்பத்தின் பெயரில் ஏப்ரலிலும் நவம்பரிலும் என ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் கண்காட்சி நடக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே சுமார் 11 ஏக்கர், 4,200 மேசைகள். வெள்ளிக்கிழமை வியாபாரிகள் கடை விரிக்கிற நாள், சனியும் ஞாயிறும் பொதுமக்களுக்கு.

இந்த அளவைக் கேட்டு மலைக்க வேண்டாம். நவீனத் துப்பாக்கி, கத்தி, தோல் சாமான், புத்தகம் என்று பெரும்பகுதி நமக்குச் சம்பந்தம் இல்லாதது. பழைய ராணுவ வகை ஆட்கள் அங்கங்கே சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரைக் கண்டுபிடித்தால் போதும், அடுத்தவர் எங்கே என்று அவரே கை காட்டுவார். விற்பனைக்கு இல்லாமல் காட்சிக்கு மட்டும் வைத்த மேசைகளைத் தவறவிடாதீர்கள். ஒரே மாடலின் அத்தனை மாறுதல்களையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். சரியான பொருள் எப்படி இருக்கும் என்று கண் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேசைக்காரரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால் அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பார். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மனிதர்களின் தாராளம்தான்.

மேசையில் நடந்துகொள்ளும் முறை கொஞ்சம் உண்டு. கேட்காமல் எதையும் தொடக் கூடாது. எடுத்தால் மரப்பிடியையோ ஓரங்களையோ பிடியுங்கள், பளபளக்கும் இரும்பைத் தொடாதீர்கள். வியர்வை உப்பு பட்ட விரல் ரேகை இரும்பில் துருவாக நின்றுவிடும். குதிரையை, அதாவது சுத்தியல் போல அடிக்கும் உறுப்பை, இழுத்துப் பார்க்க வேண்டுமானால் அனுமதி கேளுங்கள், இழுத்ததை வெறுமனே விசை அழுத்தி அடிக்க விடாமல் கட்டைவிரலால் மெதுவாக இறக்குங்கள். நூற்றைம்பது வருஷப் பழைய ஸ்பிரிங் ஒரு அடியில் ஒடிந்துபோகலாம். துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும்வரை அதை வாங்கும் முதல் உரிமை உங்களுடையது, கீழே வைத்தால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொள்ளலாம். அதேபோல, இன்னொருவர் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் குறுக்கே விலை கேட்கக் கூடாது.

பேரம் உண்டு, ஆனால் நம் ஊர்ச் சந்தை மாதிரி பாதியிலிருந்து ஆரம்பித்தால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். “இதற்கு உங்களால் கொடுக்க முடிகிற நல்ல விலை என்ன?” என்று கேட்டால் போதும். ரொக்கத்துக்கு மதிப்பு அதிகம். ஞாயிறு மதியத்துக்கு மேல், திரும்பக் கட்டி எடுத்துப் போக மனமில்லாமல் சிலர் விலையை இறக்குவார்கள். நல்ல பொருள் அதுவரை காத்திருக்காது என்பதும் உண்மை.

இனி, எதைப் படிப்பது என்பதற்கு ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் 1842 மாடல் குதிரைப்படைப் பிஸ்டல், துல்சா போன்ற இடங்களில் நிச்சயம் கண்ணில் படும். அமெரிக்க ராணுவம் முறைப்படி ஏற்றுக்கொண்ட முதல் ‘கேப்’ வகைப் பிஸ்டல் இது. அதாவது சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாக, சிறிய செப்புத் தொப்பியைக் குதிரை அடித்து நெருப்பு உண்டாக்கும். குழல் எட்டரை அங்குலம், வாய் .54 அங்குலம், உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் கிடையாது. குண்டு கெட்டிக்கும் கம்பியைக் குழலின் வாயோடு ஒரு சுழல் இணைப்பில் கோத்திருப்பார்கள். ஓடும் குதிரை மேல் உட்கார்ந்து கெட்டிக்கும்போது கம்பி கைதவறி விழுந்தால் அதன் பிறகு அந்தப் பிஸ்டலால் பயன் இல்லையே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இதை அதிகம் செய்தவர் கனெக்டிகட் மாநிலம் மிடில்டவுனில் இருந்த ஹென்றி ஆஸ்டன். லாக் தகட்டில், அதாவது குதிரை பொருத்திய பக்கத் தகட்டில், குதிரைக்கு முன்பக்கம் அவர் பெயரும் ‘யு.எஸ்.’ எழுத்தும், பின்பக்கம் ஊரும் வருஷமும் இருக்கும். குழலின் வால்பகுதியிலும் ஒரு வருஷம் உண்டு. இரண்டு வருஷமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு துப்பாக்கியைத் திருப்பி இடப்பக்க மரத்தைப் பாருங்கள். அங்கே நீள்வட்டத்துக்குள் சோதனை அதிகாரிகளின் பெயர் எழுத்துகள் அழுத்தி வைத்திருக்கும். முக்கியமான இடம் இதுதான். அந்த முத்திரையும் அதைச் சுற்றியுள்ள மரமும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்க வேண்டும். மரம் வழுவழுவென்று தேய்ந்து முத்திரை மட்டும் நேற்று அடித்தது போலக் கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள். அடுத்து, மரமும் இரும்பும் சேரும் ஓரத்தில் விரல் நுனியை ஓட்டுங்கள். மரம் இரும்புக்குச் சமமாகவோ ஒரு இழை உயர்ந்தோ இருக்க வேண்டும். இரும்பு மேலே துருத்திக்கொண்டு மரம் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், முத்திரை மங்கியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

இந்த மாடலின் குழலுக்கு நீலப்பூச்சு கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வெள்ளை இரும்பு. “ஒரிஜினல் புளூயிங் முழுசாக இருக்கிறது” என்று ஒருவர் இதைக் காட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிடலாம். நீலப்பூச்சு உள்ள மாடல்களிலும் மறுபூச்சைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. துருக்குழிக்கு உள்ளேயும் நீலம் இருந்தால் குழி விழுந்த பிறகுதான் பூசினார்கள். திருகாணித் துளைகளின் விளிம்பு கிண்ணம் போலக் குழிந்து, எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் பூசுவதற்கு முன் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

சக்கிமுக்கி வகையில் ஏமாற்று வேறு மாதிரி. 1816, 1836 மாடல் பிஸ்டல்கள் பலவற்றை அந்தக் காலத்திலேயே கேப் வகையாக மாற்றினார்கள். இன்றைக்குச் சந்தையில் கல் வகைக்கு விலை அதிகம், அதனால் பிற்கால ஆட்கள் அதை மறுபடியும் கல் வகையாகத் திருப்பி, மாறாத ஒரிஜினல் என்று விற்பதுண்டு. பற்றவைக்கும் கருமருந்தைப் போடும் மருந்துக் கிண்ணத்துக்கு அருகே குழலைப் பாருங்கள். உண்மையாகவே கல்லில் நெருப்பு வைத்துச் சுட்ட துப்பாக்கியில், நெருப்பு குழலுக்குள் போகும் தீத்துளையைச் சுற்றி இரும்பு அரித்துப்போயிருக்கும். அங்கே மட்டும் சுத்தமாக இருந்தாலோ, கிண்ணத்தின் நிறம் லாக் தகட்டின் நிறத்தோடு ஒட்டாமல் நின்றாலோ, தகட்டில் பழைய துளையை அடைத்த வட்டத் தழும்பு தெரிந்தாலோ, அது திரும்ப மாற்றியது. திரும்ப மாற்றியதை வாங்குவது தப்பில்லை, அதற்குரிய விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஊர் டெக்சஸ் என்பதால் கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வரையும் சொல்ல வேண்டும். குண்டுகள் அடைக்கும் அதன் சுழல் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பொறித்திருக்கும். 1843 மே 16 அன்று காம்பேச்சே அருகே டெக்சஸ் குடியரசின் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய காட்சி அது, தேதியும் உருளையிலேயே இருக்கிறது. பொறிப்பு ஆழமில்லாதது, உறையில் உரசி உரசி முதலில் போவது அதுதான். கப்பல்களின் பாய்மரக் கயிறுகள் இன்னும் தெரிந்தால் அந்த ரிவால்வர் அதிகம் அலையவில்லை. ராணுவம் வாங்கியதாக இருந்தால் உருளையைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தின் இடப்பக்கத்தில் கோல்ட் காப்புரிமை எழுத்துக்குக் கீழே ‘யு.எஸ்.’ இருக்கும். அந்த இரண்டு எழுத்துகள் விலையைப் பல மடங்கு ஏற்றுவதால் பிற்காலத்தில் சேர்த்து அடித்தவையும் நிறைய உலவுகின்றன. அதே நிறுவனத்தின் 1847 வாக்கர் கோல்ட் ரிவால்வர் மொத்தமே 1,100தான், அதில் 1,000 ராணுவத்துக்குப் போனது. 2018இல் ஒன்று ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. காட்சி மேசையில் இருந்தால் நின்று பாருங்கள். விற்பனை மேசையில் மலிவாக இருந்தால் அது அநேகமாக நகல்தான்.

முதலில் வாங்க ஏற்றது எது என்று கேட்டால், என் ஓட்டு பிரெஞ்சு 1873 மாடல் ரிவால்வருக்கு. செயின்ட் எட்டியென் ஆயுதச் சாலையில் செய்தது, வாய் 11 மில்லிமீட்டர். தயாரான வருஷம் குழலின் வலப்பக்கத்தில் தெளிவாக இருக்கும், ஆன்டிக் என்று நிரூபிக்க வேறு காகிதம் தேட வேண்டியதில்லை. உங்கள் விசா நிலைமைக்கு இது பெரிய நிம்மதி. உறுப்புகளில் எண் அடித்திருப்பார்கள் என்பதால் எல்லாம் ஒன்றாகப் பிறந்ததா என்றும் பார்த்துவிடலாம். சிப்பாய்களுக்கான இந்த மாடல் வெள்ளை இரும்பு, உருளையில் பள்ளக் கோடு கிடையாது. 1874இன் அதிகாரி மாடல் கருமை பூசியது, உருளையில் பள்ளங்கள் உண்டு. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே மேசைக்காரர் உங்களிடம் வேறு விதமாகப் பேசுவார்.

ஜெர்மனியின் 1879, 1883 மாடல் ரைக்ஸ்ரிவால்வரும் நல்லது. காலித் தோட்டாவை வெளியே தள்ள அதில் எந்த ஏற்பாடும் இல்லை, உருளையைக் கழற்றிக் கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். ஆனால் பிடியின் பின்பட்டையைப் பாருங்கள். ரெஜிமென்ட், அதற்குள் எந்தப் பிரிவு, அந்தப் பிரிவின் எத்தனையாவது ஆயுதம் என்று சுருக்க எழுத்துகளில் வரிசையாக இருக்கும். அந்த ஒரு வரியை வைத்து ரிவால்வர் எந்த ஊர்ப் படைமுகாமில் இருந்தது என்றுவரை தேடிப் போகலாம்.

லூகர் என்ற ஜெர்மன் பிஸ்டலை விட முடியாது, அங்கே பெரிய கூட்டம் அதற்குத்தான். ஜெர்மன் கடற்படை 1904லும் தரைப்படை 1908லும் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு இப்போது பார்வைக்கு மட்டும். சின்ன உறுப்புகளில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அடித்திருக்கும், ஒன்று மாறினாலும் விலை பலமாக இறங்கும். சிலவற்றில் மேலே 1917, 1918 போன்ற போர்க்கால வருஷத்தோடு 1920 என்றும் இருக்கும். முதல் உலகப்போர் முடிந்து ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசு தன் சொத்து என்று போட்ட முத்திரை அது. சேகரிப்பாளர்கள் இதை ‘டபுள் டேட்’ என்பார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சக்கிமுக்கிப் பிஸ்டல்கள் சில மேசைகளில் இருக்கும். மதராஸ் படையும் சுமந்த வகை என்பதால் நமக்கு மனம் இழுக்கும். பழையதில் நான்காகப் பிரித்த இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு கிரீடம் ஏந்திய சிங்கம். இங்கே கூடுதல் கவனம் வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்காகவும் கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளிலும் செய்த நகல்கள் ஏராளம். ஆங்கில ‘என்’ எழுத்து திரும்பி நின்றாலோ, சிங்கம் பூனை போலக் குழைந்து கிடந்தாலோ தொடாதீர்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் யாரோ எப்போதோ கெட்டித்த மருந்தும் குண்டும் இன்றும் உள்ளேயே இருப்பது அரிதான விஷயம் இல்லை. கருமருந்து நூறு வருஷம் ஆனாலும் பற்றும். வாங்கும் முன் விற்பவரிடம் சொல்லி, ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே அடையாளம் வைத்து வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். நுனி ஏறக்குறைய தீத்துளைவரை எட்ட வேண்டும். ஒரு அங்குலமோ அதற்கு மேலோ குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் எடுக்கக் கொடுக்க வேண்டும், நாமாகக் குடையக் கூடாது. நேரில் பார்க்கும்போதும் குழலின் வாய் யார் பக்கமும் திரும்பாமல் பிடியுங்கள்.

வாங்கி வந்த பிறகு தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். இரும்பின் மேல் படிந்திருக்கும் அந்தப் பழுப்புக்குத்தான் மதிப்பு, ஸ்டீல் வுல் போட்டால் பத்து நிமிஷத்தில் பாதி விலை போய்விடும். மெல்லிய எண்ணெயோ, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் ரினைசான்ஸ் மெழுகோ ஒரு பூச்சு போதும். தோல் உறை இருந்தால் துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள், பதனிட்ட தோலில் உள்ள அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், பித்தளையில் பச்சை பூக்கும். தனித்தனியாக, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ரசீதில் மாடல், வரிசை எண், தயாரான வருஷம், ‘ஆன்டிக்’ என்ற சொல் நாலும் இருக்கும்படி எழுதி வாங்குங்கள். உங்கள் விசாவில் அந்தக் காகிதம் துப்பாக்கியோடு கூடவே இருக்க வேண்டும்.

ஊருக்கு எடுத்துப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தரும் பழமைப் பொருள் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதங்களுக்குத்தான். நல்ல நிலையில் உள்ள ஒரு ரிவால்வருக்கு அது பொருந்தாது. சென்னை விமான நிலையச் சுங்கத்தில் ‘ஆன்டிக்’ என்ற அமெரிக்கச் சொல் உங்களைக் காப்பாற்றாது. எதிர்த் திசையிலும் வழி அடைப்புத்தான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் சட்டம் விடாது. சொந்தக்காரர் வீட்டுப் பரணில் ஏதாவது கிடந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்திடமும் தொல்லியல் துறையிடமும் முறையாகச் சொல்வதுதான் சரி.

துல்சாவுக்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்ப முடிந்தால், அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் கிளேர்மோரில் உள்ள ஜே.எம். டேவிஸ் ஆயுத அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். 12,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள், பெரும்பாலும் ஒரே மனிதர் சேர்த்தவை. மேலே சொன்ன மாடல்களின் படங்களைக் கைபேசியில் எடுத்துப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கண்காட்சிக்குள் நுழையுங்கள்.